குழந்தைகளிடம் பாடம் கேட்ட மரியா மாண்டிசோரி

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற நம் ஊர்களில் மழலையர் பள்ளி தேடும் பெற்றோர் 'மாண்டிசோரி' என்ற சொல்லைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். அது ஒரு பெண்மணியின் பெயர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியில் பிறந்தார். 1896-இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குப் பணி செய்தபோது, அவர்களுக்கு மருந்தை விடக் கைக்கு வேலையே தேவை என்று கண்டுகொண்டார்.

1907 ஜனவரி 6 அன்று ரோமில் ஏழைகள் வாழ்ந்த சான் லோரென்சோ பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' திறந்தார். பெற்றோர் கூலி வேலைக்குப் போய்விட, கவனிப்பாரற்றுத் திரிந்த பிள்ளைகளே அங்கு வந்தனர். ஒருநாள் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். சுற்றிலும் மற்றப் பிள்ளைகள் பாடியும் அவள் நிமிரவில்லை. 40 தடவைக்கு மேல் செய்த பிறகே மகிழ்ச்சியோடு எழுந்தாள். விலையுயர்ந்த பொம்மைகள் இருந்தும் பிள்ளைகள் இத்தகைய பொருட்களையே நாடினர். தானே தேர்ந்தெடுத்துக் கையால் செய்யும்போது குழந்தைக்கு விளையாட்டும் வேலையும் ஒன்றுதான் என்பதை அவர் புரிந்துகொண்டார்.

பின்னாளில் முசோலினி அரசோடு முரண்பட்டு நாட்டை விட்டு வெளியேறினார். 1939-இல், 69 வயதில், சென்னை அடையாற்றுக்கு ஆசிரியர் பயிற்சி அளிக்க வந்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கிலேய அரசு அவருடைய மகன் மரியோவைக் காவலில் வைத்தது. தாயின் 70-ஆவது பிறந்த நாளன்றுதான் மகன் விடுதலை பெற்றார். 1942 முதல் ஈராண்டு காலம் இருவரும் கொடைக்கானலில் தங்கினர். அங்கே பல வயதுப் பிள்ளைகள் செடி கொடிகளையும் உயிரினங்களையும் நேரில் பார்த்துப் படித்தனர். நம் ஊர்களிலிருந்து பார்த்தால் தெரிகிறதே, அதே மலைத் தொடரைச் சேர்ந்ததுதான் அது. 1952 மே 6 அன்று நெதர்லாந்தில் அவர் காலமானார்.

இது நமக்குப் புதிய செய்தியும் அல்ல. ஓதி முடித்த பிள்ளையை நல்ல விளையாட்டு விளையாட விட வேண்டும், ஓயாமல் படிக்க வைத்தால் உள்ளம் செத்துவிடும், அறிவு மழுங்கும் என்று 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எச்சரித்திருக்கிறார்கள்.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? காலையில் மக்தப், பகலில் பள்ளிக்கூடம், மாலையில் டியூஷன். ஓத வந்த சிறுவனின் பையிலிருந்த கோலிகளைப் பறித்து அலமாரியில் வைத்தவர்களில் நாமும் உண்டு. அன்று முழுவதும் அவன் ஓதல் தடுமாறியதற்குக் கவனக்குறைவு என்று பெயர் வைத்தோம். பிழை யாருடையது என்று இப்போது யோசிக்கிறோம்.

பிள்ளைகள் அல்லாஹ் நமக்குத் தந்த அமானிதம். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே ஒரு மணி நேரத்தையாவது அவர்களுக்கே திருப்பிக் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.