ஐன்ஸ்டீனுக்குக் கடிதம் எழுதிய வாத்தியார்

கணக்குப் பரீட்சைக்கு மொத்தம் 100 மார்க். ஒரு பையனுக்கு மட்டும் ஆசிரியர் 110 மார்க் போட்டார்! அவன் எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்டதோடு, சில கணக்குகளை இரண்டு மூன்று வழிகளில் போட்டுக் காட்டியிருந்தான். கல்கத்தா இந்து பள்ளியில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை இது.

அந்தப் பையன்தான் சத்யேந்திரநாத் போஸ். 1894ஆம் ஆண்டு ஜனவரி 1ந் தேதி கல்கத்தாவில் பிறந்தார். தகப்பனார் ரெயில்வேயில் வேலை பார்த்தார். போஸ் ஒரே மகன். கூடப்பிறந்த தங்கைகள் ஆறு பேர்.

1915ல் எம்.எஸ்சி. பரீட்சையில் போஸ் முதலாவதாகத் தேறினார். இரண்டாவதாக வந்தவர், பின்னாளில் பெரிய விஞ்ஞானியாகப் புகழ்பெற்ற மேகநாத் சாகா. 1921ல் டாக்கா பல்கலைக்கழகத்தில் போசுக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது.

வெங்காயக் கணக்கு

ஒளி, சின்னஞ்சிறு பொட்டலங்களாக வருகிறது. அந்தப் பொட்டலங்களை எப்படி எண்ணுவது? இந்தக் கேள்வியைத்தான் போஸ் கையில் எடுத்தார்.

பெரம்பலூர்ப் பக்கம் விளையும் சின்ன வெங்காயத்தில் இரண்டை எடுத்துக்கொள்வோம். கூடைகளும் இரண்டு. எத்தனை விதமாகப் போடலாம்?

ஒன்றுக்கு ராமன், மற்றதற்கு லட்சுமணன் என்று பெயர் வைப்போம். இரண்டையும் இடது கூடையில் போடலாம். இரண்டையும் வலது கூடையில் போடலாம். ராமனை இடதிலும் லட்சுமணனை வலதிலும் போடலாம். அவர்களை மாற்றியும் போடலாம். ஆக, 4 விதம்.

பெயர் வைக்காமல், இதுவும் அதுவும் ஒன்றே என்று வைத்துக்கொண்டால்? கூடைக்கு ஒன்று என்பது ஒரே விதம் ஆகிவிடும். மொத்தம் 3 விதம்தான்!

ஒளிப் பொட்டலங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து அறிய முடியாது. ஆகவே, பெயர் இல்லாத வெங்காயம் போலத்தான் எண்ண வேண்டும் என்றார் போஸ். இதில் ஒரு விசேஷம் உண்டு. முன்பு 4 விதத்தில் 2 விதம், இரண்டும் ஒரே கூடையில். இப்போது 3 விதத்தில் 2 விதம். அதாவது, ஒன்றாய்ச் சேரும் வாய்ப்பு கூடிவிட்டது!

தபால் கார்டு

கட்டுரையை இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார் போஸ். அது அச்சேறவில்லை. வேறொருவராக இருந்தால் காகிதத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பார்.

போஸ் அப்படிச் செய்யவில்லை. 1924 ஜூன் 4ந் தேதி, கட்டுரையோடு ஒரு கடிதமும் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். யாருக்கு? நோபல் பரிசு பெற்ற ஐன்ஸ்டீனுக்கு! அனுப்பியவருக்கு வயது 30. டாக்டர் பட்டம்கூட இல்லை.

ஐன்ஸ்டீன் படித்தார். தாமே ஜெர்மன் மொழியில் பெயர்த்து, அங்குள்ள பத்திரிகையில் வெளிவரச் செய்தார். பாராட்டி ஒரு தபால் கார்டும் போட்டார்.

அந்தக் கார்டைக் கண்டதும் பல்கலைக்கழகம் போசுக்கு 2 ஆண்டு லீவு கொடுத்து ஐரோப்பாவுக்கு அனுப்பியது. ஜெர்மன் தூதரகம் விசாக் கட்டணம்கூட வாங்கவில்லை. 1925ல் பெர்லினில் இருவரும் சந்தித்தார்கள். ஊர் திரும்பிய பிறகு, ஐன்ஸ்டீனின் சிபாரிசால் போஸ் பேராசிரியர் ஆனார்.

குளிரில் கோலாட்டம்

போசின் கணக்கை ஐன்ஸ்டீன் அணுக்களுக்கும் போட்டுப் பார்த்தார். விடை விசித்திரமாக இருந்தது. வாயுவை மிகமிகக் குளிர வைத்தால், அணுக்கள் ஒரே நிலையில் கூடி, ஓர் உடல் போல நடந்துகொள்ளும்!

அரியலூர் சிமெண்டு ஆலைகளின் சூளைச் சூடு சுமார் 1,450 டிகிரி. அதற்கு மேலும் சூடேற்றலாம். ஆனால் குளிருக்கு ஓர் எல்லை உண்டு. பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 273 டிகிரி. அந்த எல்லையை நெருங்க 70 ஆண்டு பிடித்தது.

1995 ஜூன் 5ந் தேதி, அமெரிக்காவில் கார்னெல், வீமன் என்ற இருவர், லேசர் ஒளியாலும் காந்தத்தாலும் ருபீடிய அணுக்களைக் குளிர வைத்தார்கள். சுமார் 2,000 அணுக்கள் ஒன்றாகிவிட்டன! 2001ல் அவர்களுக்கும், சோடியத்தில் இதைச் செய்த கெட்டர்லே என்பவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அதோடு முடியவில்லை. அணுவுக்குப் பம்பரம் போல ஒரு சுழல் உண்டு. குளிர்ந்த கூட்டத்தில் அணுக்கள் ஜோடி ஜோடியாக மோதிச் சுழல் நிலையை மாற்றுகின்றன. பிறகு பழைய நிலைக்குத் திரும்புகின்றன. எல்லாம் ஒரே தாளத்தில், கோலாட்டம் அடிப்பது போல! இதை 2005ல் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தார் அளந்து காட்டினார்கள்.

தாய்மொழியில் விஞ்ஞானம்

இதையெல்லாம் காண போஸ் இல்லை. 1974 பிப்ரவரி 4ந் தேதி கல்கத்தாவில் காலமானார். 1954ல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவருக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை.

அவருடைய மனம் வேறொன்றில் ஊன்றியிருந்தது. விஞ்ஞானத்தைத் தாய்மொழியில் சொன்னால்தான் சாதாரண மக்களைச் சேரும் என்று நம்பினார். அதற்காக 1948ல் வங்காளத்தில் ஒரு விஞ்ஞானச் சங்கத்தையே தொடங்கினார்.

அவர் கணக்குக்கு அடங்கும் துகள்கள் எல்லாவற்றுக்கும் உலகம் இன்று போசான் என்று பெயர் சொல்கிறது. பெயர் வைக்காமல் எண்ணச் சொன்னவர் போஸ். கடைசியில் அவர் பெயரையே அவற்றுக்கு வைத்துவிட்டார்கள்!