ஓவியர் இரவிவர்மா

பொருநையாறு பிறக்கும் பொதிகை மலைக்கு மேற்கே, அந்நாளைய திருவிதாங்கூர் நாட்டில் உள்ளது கிளிமானூர். அவ்வூரில் 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் பிறந்தவர் இரவிவர்மா. அன்னையார் உமாம்பா பாய் பாட்டியற்றும் புலமையுடையவர். மாமன் இராசராச வர்மா ஓவியர். சுவரெங்கும் கரியால் படம் வரைந்த சிறுவனை வேலையாட்கள் கடிந்தனர். மாமனோ அவனது கைத்திறம் கண்டு தாமே கற்பிக்கலானார்.

14ஆம் அகவையில் இரவிவர்மா திருவனந்தபுரம் அரண்மனை புகுந்தார். எண்ணெய் வண்ண ஓவியம் அக்காலத்தில் நம் நாட்டிற்குப் புதிது. அதனை அறிந்திருந்த அரண்மனை ஓவியர், மதுரை இராமசாமி நாயக்கர், இளைஞர் தமக்குப் போட்டியாவார் என அஞ்சினார் போலும், கற்பிக்க மறுத்துவிட்டார். அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை இரவில் மறைவாக வந்து, தாம் அறிந்ததைச் சொல்லிக் கொடுத்தார் என்பர். 1868இல் அங்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் கற்பிக்க இசையவில்லை. தாம் வரையும்போது அருகிருந்து பார்க்க மட்டும் இசைந்தார். பார்த்ததே பாடமாயிற்று. வண்ணம் குழைக்கும் பக்குவத்தை இரவிவர்மா பல ஆண்டுகள் தாமே முயன்று, கெடுத்துக் கெடுத்துத் தேர்ந்தார்.

அந்நாளில் இங்கிலாந்தில் லெய்ட்டன், அல்மா டடெமா முதலியோர் கிரேக்க, உரோமப் பழங்கதை மாந்தரையும் இசை பயிலும் நங்கையரையும் உயிருடையார் போலத் தீட்டிப் புகழ் பெற்றனர். இரவிவர்மாவும் மேனாட்டு முறையையே கைக்கொண்டார். ஆயினும் பொருளைக் கடன் வாங்கவில்லை. சகுந்தலையும் தமயந்தியும் அவர் துணியில் உருப்பெற்றனர். சுவரபத் என்னும் நரம்புக் கருவியை மீட்டும் தமிழ்ப் பெண்ணின் ஓவியம் 1874இல் சென்னைக் கண்காட்சியில் பொற்பதக்கம் பெற்றது. 1889இல், நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த 11 மகளிர் கூடிய இசையரங்கு ஒன்றை மைசூர் மன்னருக்காகத் தீட்டினார். உடையாலும் அணியாலும் வேறுபட்டோரை ஒரே அரங்கில் அமர்த்திய அவ்வோவியம் அவர் படைப்புகளுள் தலைசிறந்தவற்றுள் ஒன்று.

அரண்மனைச் சுவரில் தொங்கும் ஓவியத்தை ஏழை காண்பது எங்ஙனம்? அச்சிட்டுப் பரப்புமாறு மாதவராவ் முன்னரே அறிவுறுத்தியிருந்தார். 1894இல் பம்பாய்க்கு அருகே செருமானியப் பொறிகளுடன் இரவிவர்மா அச்சகம் நிறுவினார். கோயில் வாயில் அடைக்கப்பட்டிருந்த மக்களின் குடிசைகளிலும், வீணை ஏந்திய கலைமகள் குறைந்த விலையில் வந்தமர்ந்தாள். ஆனால் அச்சகமோ கடன் சுமையாயிற்று; 1901இல் அதனைச் செருமானியர் ஒருவருக்கு விற்றுவிட்டார். 1906ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் தீட்டிய தெய்வங்கள் மானிடப் பெண்டிராகவே தோன்றுவதாகக் கலை அறிஞர் சிலர் குறை கூறினர். மக்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. பிற்காலத்தில், அப்போது திருநெல்வேலி மாவட்டத்திலிருந்த கோவில்பட்டியில் குடியேறிய ஓவியர் கொண்டைய ராஜு (1898–1976) அவர் வழியைத் தழுவித் தெய்வப் படங்கள் தீட்டினார். அவை சிவகாசியில் அச்சேறி, நாட்காட்டிகளாகத் தமிழ்நாடெங்கும் பரவின.