துருவப் பனியில் துயிலும் வேகனர்

கண்டங்கள் ஒருகாலத்தில் ஒன்றாயிருந்து பின்னர்ப் பிரிந்து நகர்ந்தன என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் இன்று படிக்கின்றனர். அக்கொள்கையை 1912-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆல்பிரட் வேகனர் நிலநூல் வல்லுநர் அல்லர். துருவக் காற்றையும் குளிரையும் அளந்த வானிலை அறிஞர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

பெர்லின் நகரில் 1880 நவம்பர் 1-ஆம் நாள் ஒரு பாதிரியாரின் மகனாக அவர் பிறந்தார். 1905-இல் வானநூலில் டாக்டர் பட்டம் பெற்றாரேனும் உள்ளம் வளிமண்டலத்தையே நாடிற்று. மறு ஆண்டு ஏப்ரலில் தமையனார் குர்ட்டுடன் பலூனில் ஏறி, 52 மணி நேரம் வானிலேயே தங்கி உலக சாதனை புரிந்தார். அவ்வாண்டே டேனிஷ் குழுவினருடன் கிரீன்லாந்து சென்று, பட்டங்களிலும் பலூன்களிலும் கருவிகளைப் பிணைத்து உயரே விட்டு மேற்காற்றை ஆராய்ந்தார். நம் காலனிப் பிள்ளைகள் மாடியில் விட்டு விளையாடும் பட்டம் அங்கே ஆராய்ச்சிக்கு உதவிற்று!

1911-இல் வளிமண்டல வெப்பவியல் பற்றி நூல் எழுதினார். 1913-இல் மட்டக்குதிரைகளுடன் கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்தார். முதல் உலகப் போரில் இருமுறை காயமுற்றார். 1924-இல் கிராட்ஸ் நகரில் பேராசிரியரானார். அவரது கண்டக் கொள்கையை நிலநூலார் பலர் எள்ளி நகைத்தனர். 1960-களில்தான் அஃது ஏற்கப்பட்டது.

அவரது இறுதிப் பயணமே எம் நெஞ்சை விட்டு அகலாதது. கிரீன்லாந்துப் பனிமேட்டின் நடுவே ஓராண்டு முழுதும் வானிலையை அளக்க 1930-இல் ஒரு நிலையம் அமைத்தார். மேற்குக் கரையிலிருந்து 250 மைல். உயரம் ஏறக்குறைய 10,000 அடி. கெயோர்கி, சோர்கே என்னும் இருவர் அங்கிருந்தனர். மோட்டார்ச் சறுக்குவண்டிகள் பனியில் சிக்கிக் கைவிட்டன. உணவும் எண்ணெயும் போதிய அளவு சேரவில்லை. அக்டோபர் 20-க்குள் சாமான் வாராவிடில் நடந்தே திரும்புவோம் என்று இருவரும் எழுதியனுப்பினர். அது சாவை நோக்கிய நடையாகும். நிலையத்தில் வயர்லெஸ் இல்லை. தந்தியற்ற ஸ்டேஷனின் நிலை ரயில்வேயில் உழைக்கும் எமக்கு நன்கு விளங்கும்.

செப்டம்பரின் பின்பாதியில் லோவே என்னும் அறிஞரோடும் 13 கிரீன்லாந்தியரோடும் வேகனர் நாய்வண்டிகளில் புறப்பட்டார். குளிர் பூஜ்யத்துக்குக் கீழ் 50 டிகிரியையும் தாண்டிற்று. ஒருவர் பின் ஒருவராய்ப் பன்னிருவர் திரும்பினர். ராஸ்முஸ் வில்லும்சென் என்ற இளைஞர் மட்டும் உடன் நின்றார். அக்டோபர் 30-இல் மூவரும் நிலையம் சேர்ந்தபோது சாமான் ஏதும் மிஞ்சவில்லை. அங்கிருந்த இருவரோ பனியைக் குடைந்து அறை அமைத்து, இருப்பதைக் கொண்டே குளிர்காலத்தைக் கழிக்கத் துணிந்துவிட்டிருந்தனர்! அச்செய்தியைக் கரைக்கு அறிவிக்க வழியில்லாமற் போயிற்று.

கால்விரல்கள் உறைந்த லோவே அங்கேயே தங்கினார். ஐவருக்கு உணவு போதாது. நவம்பர் 1-ஆம் நாள், தம் ஐம்பதாவது பிறந்த நாளன்று, வேகனர் வில்லும்செனுடன் கரை நோக்கித் திரும்பினார். இருவரும் வந்து சேரவேயில்லை.

1931 மே மாதம் தேடிச் சென்றோர், பாதி வழியில் பனியில் நட்டிருந்த வேகனரின் பனிச்சறுக்குப் பலகைகளைக் கண்டு தோண்டினர். கலைமான் தோலின் மேல் அவரைக் கிடத்தி, உறைகளால் நன்கு மூடி அடக்கம் செய்திருந்தார் வில்லும்சென். இதயம் தளர்ந்து இறந்திருக்கலாம் என்று கருதினர். உடலை அங்கேயே விட்டு, பனிக்கட்டியால் கல்லறை எழுப்பினர். குர்ட் வந்து எஞ்சிய ஆராய்ச்சியை முடித்தார். வேகனரின் நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு தனியே நடந்த வில்லும்சென்னின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.