கர்னல் சர்ச்சும் அவர் பேர் வாங்கிய எஞ்சினும்

(டி.எம்.இ. இறுதி ஆண்டு மாணவன்)

சர்ச் என்றதும் யாரோ பாதிரியார் என்று நினைச்சிடாதீங்க. ஜார்ஜ் எர்ல் சர்ச் ஒரு ரயில்வே என்ஜினீயர். அமெரிக்காவில் நியூ பெட்ஃபோர்டு என்ற துறைமுக ஊரில் 1835-ல் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பா போய்விட்டார். அம்மாதான் வளர்த்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் நேரே வேலைத்தளம். ஹூசாக் மலைச் சுரங்கப்பாதை வேலையில் உதவி என்ஜினீயர். கல்லூரிப் பட்டம் என்று ஒன்று இல்லாமலே தொழிலைக் கையால் கற்றவர். டிப்ளமோ என்றால் ஒரு மாதிரி பார்க்கிறார்களே, அவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்!

1857-ல் அர்ஜென்டினா போய் அங்கே ரயில் பாதை போட்டார். உள்நாட்டுப் போர் வந்ததும் ஊர் திரும்பிப் படையில் சேர்ந்து கர்னல் ஆனார். அப்புறம் மெக்சிகோ. இதையெல்லாம் விரிக்கப் பக்கம் போதாது. விஷயம் பொலிவியாவில்தான் இருக்கிறது.

பொலிவியாவின் கிழக்குப் பகுதியில் ரப்பர் உண்டு, சின்கோனா பட்டை உண்டு. கடலுக்குக் கொண்டுபோக வழிதான் இல்லை. ஆறு வழியாக அமேசானுக்குப் போகலாம் என்றால், மதெய்ரா, மமோரே ஆறுகளில் சுமார் 20 அருவிகள் குறுக்கே நிற்கின்றன. படகைக் கரையேற்றி, இழுத்து, மறுபடி தண்ணீரில் விடணும். ஆள் செத்துப் பிழைப்பான். அருவிகளை ஒட்டி ஒரு ரயில் பாதை போட்டால் தீர்ந்தது என்பது சர்ச்சின் திட்டம். நம்ம ஊரில் முன்னே ஓடிய அதே மீட்டர் கேஜ்தான். யோசனையில் தப்பே இல்லை. பொலிவியாவிடமும் பிரேசிலிடமும் உரிமை வாங்கினார். 1872-ல் லண்டனில் 17 லட்சம் பவுனுக்குக் கடன் பத்திரம் வெளியிட்டார்.

இங்கேதான் எனக்கு அவர் மேல் கோபம். பாதை போகும் காட்டை முழுசாக சர்வே செய்யாமலே வேலையை ஒப்பந்தத்தில் விட்டாகிவிட்டது. வந்த ஆங்கிலேயக் கம்பெனி காட்டையும் காய்ச்சலையும் பார்த்து, 1873-ல் சாமானைப் போட்டது போட்டபடி ஓடிப்போனது. பத்திரம் வாங்கியவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பணம் கோர்ட்டில் மாட்டிக்கொண்டது.

சர்ச் விடவில்லை. பிலடெல்பியாவின் காலின்ஸ் கம்பெனியைப் பிடித்தார். 1878 ஜனவரியில் ஆட்களையும் தண்டவாளத்தையும் ஏற்றிப் புறப்பட்ட மெட்ரோபொலிஸ் என்ற பழைய கப்பல், வட கரோலினா கரையில் உடைந்தது. 80 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்கு அப்புறமும் கூலிக்கு ஆள் கிடைத்தது. வேலையில்லாக் கொடுமை அப்படி!

அதே வருஷம் அமேசான் காட்டின் முதல் எஞ்சின் ஓடியது. பால்ட்வின் கம்பெனி செய்தது. பேர் கர்னல் சர்ச். நம்ம டிபார்ட்மென்ட் பசங்களுக்காகக் கொஞ்சம் விவரம். முன்னால் நாலு சின்னச் சக்கரம் உள்ள போகி, பின்னால் நாலு ஓட்டுச் சக்கரம். மேடு பள்ளமான பாதையில் முன் போகி வளைவைப் பிடித்து இழுத்துப் போகும். எரிபொருள் விறகு. நிலக்கரி என்றால் கப்பலில் வரணும். விறகு பாதை ஓரத்திலேயே கிடைக்கும். ஆனால் ஒரே எடைக்கு நல்ல நிலக்கரி தருகிற சூட்டில் ஏறக்குறையப் பாதிதான் விறகு தரும். அதனால் அடிக்கடி நின்று விறகு ஏற்றணும். ஈர விறகென்றால் ஸ்டீம் ஏறாது. பொறி வேறு பறக்கும். அதைத் தடுக்கத்தான் விறகு எஞ்சின்களுக்குப் புனல் மாதிரி அகன்ற புகைபோக்கி. உள்ளே பொறியைத் தடுக்கும் கூம்பும் வலையும்.

சில கிலோமீட்டர் தண்டவாளம்தான் போட முடிந்தது. மலேரியா ஆட்களைச் சாய்த்தது. மலேரியாவுக்கு மருந்தான க்வினைன் எடுப்பது சின்கோனா பட்டையிலிருந்து! அந்தப் பட்டை விளையும் நாட்டுக்குப் பாதை போட வந்தவன் அந்தக் காய்ச்சலிலேயே செத்தான். கோர்ட் தீர்ப்பும் பாதகமாக வர, பணம் நின்றது. 1879-ல் காலின்ஸ் திவால். எஞ்சினைக் காட்டிலேயே விட்டுவிட்டு எல்லோரும் திரும்பினார்கள்.

சர்ச் லண்டனில் தங்கிவிட்டார். தென் அமெரிக்கா பற்றி எழுதினார். ராயல் ஜியாகிரபிகல் சொசைட்டியில் பெரிய மரியாதை. சேர்த்த புத்தகங்கள் பின்னால் பிரவுன் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தன. 1910 ஜனவரியில் இறந்தார்.

இரண்டு வருஷம் இருந்திருந்தால் பாதையைப் பார்த்திருப்பார். 1907-ல் ஃபர்குவார் என்ற அமெரிக்க முதலாளி மறுபடி தொடங்கி, 1912-ல் 366 கிலோமீட்டரையும் முடித்தார். பல நாடுகளிலிருந்து 20,000-க்கு மேல் ஆட்கள். ஆஸ்பத்திரிக் கணக்குப்படி மட்டும் 1,500 பேருக்கு மேல் சாவு. ஸ்லீப்பருக்கு ஒரு பிணம் என்று அந்தப் பக்கம் சொல்வார்களாம். கிலோமீட்டருக்கு 1,500 ஸ்லீப்பர் என்று போட்டால்கூட ஐந்து லட்சத்தைத் தாண்டும். ஆக அது மிகை. ஆனால் கணக்கில் வராமல் காட்டில் புதைந்தவர்கள் உண்டு. எஞ்சினுக்கு வைத்தது கர்னல் பேர். இவர்கள் பேரை எதற்கு வைத்தார்கள்?

பாதை முடிந்த நேரம் பார்த்து ரப்பர் விலை விழுந்தது. காரணம் மலேயா, இலங்கைத் தோட்டங்கள். மலேயாவில் அந்த மரங்களைச் சீவியவர்களில் பெரும்பகுதி நம்ம தமிழ் ஜனங்கள். அமேசானில் ஒரு ரயிலின் பிழைப்பு தங்கள் கத்தியால் போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்குமா?

விறகு எஞ்சின்கள் ஓடிய அந்த ரயிலை 1972-ல் நிறுத்தினார்கள். காட்டில் கிடந்த கர்னல் சர்ச்சை ஃபர்குவார் கம்பெனியே கண்டெடுத்துப் பழுது பார்த்து ஓட்டியது. இப்போது போர்ட்டோ வெல்யோ நகரில், மதெய்ரா ஆற்றங்கரை ரயில் மியூசியத்தில் அது நிற்கிறது.