டஸ்டி ஸ்பிரிங்பீல்ட்: நிறவெறி அரசுக்கு அஞ்சாத பாடகி, தன் குரலுக்கு அஞ்சினார்

1968ஆம் ஆண்டு செப்டெம்பரில், அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலிருந்த அமெரிக்கன் சவுண்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் எல்லாம் தயாராக இருந்தது. கிட்டார், பேஸ், ஓகன், ட்ரம்ஸ் வாசிப்பதற்கு அந்நகரின் தேர்ந்த கலைஞர்கள் வந்திருந்தார்கள். அரீதா பிராங்ளினை உலகப் புகழுக்குக் கொண்டுசென்ற தயாரிப்பாளர் ஜெரி வெக்ஸ்லரும் இருந்தார். லண்டனிலிருந்து வந்த பாடகிக்கு மட்டும் குரல் எழவில்லை. வில்சன் பிக்கட் நின்று பாடிய இடம் இதுதான் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். தான் வியந்து போற்றிய ஒருவரின் இடத்தில் நின்று பாடத் தனக்கு என்ன தகுதி என்ற எண்ணம் அவரை முடக்கிவிட்டது.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், தென்னாபிரிக்காவின் நிறவெறி அரசு விரட்டியபோதும் பணிய மறுத்தவர் இதே பெண்தான். டஸ்டி ஸ்பிரிங்பீல்டின் வாழ்க்கை முழுவதிலும் இந்த முரண் இருக்கிறது. மற்றவர்கள் தயங்கும் இடத்தில் அவர் துணிந்தார். மற்றவர்களுக்கு இயல்பாக வரும் இடத்தில் நடுங்கினார்.

அவரது இயற்பெயர் மேரி இசபெல் கத்தரின் பேர்னடெட் ஓ பிரையன். 1939 ஏப்ரல் 16ஆம் திகதி லண்டனில், ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை வீட்டில் மகளின் கையில் தாளம் தட்டிக் காட்டி, அது எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்கச் சொல்வாராம். அந்தக் கூர்மையான காது கடைசிவரை அவரோடு இருந்தது. பிறர் வாசிப்பில் ஒரு சிறு பிசகைக்கூட அது பொறுக்காது. தன் குரலில் இருக்கும் பிசகை ஒருபோதும் மன்னிக்காது.

கன்னியர் மடப் பாடசாலையில் படித்த அந்தப் பெண், கனத்த கண்மையும் உயர்த்திக் கட்டிய பொன்னிறக் கூந்தலுமாக வேறொருவராக மாறினார். 1960இல் அண்ணனுடன் சேர்ந்து 'த ஸ்பிரிங்பீல்ட்ஸ்' என்ற குழுவில் பாடத் தொடங்கியபோதுதான் டஸ்டி ஸ்பிரிங்பீல்ட் என்ற பெயரும் வந்தது. 1963இன் இறுதியில் தனியாகப் பாடி வெளியிட்ட முதற் பாடலே பெருவெற்றி பெற்றது. 1964 ஜனவரி முதலாம் திகதி ஆரம்பமான பிபிசியின் 'டொப் ஒஃப் த பொப்ஸ்' நிகழ்ச்சியின் முதல் ஒளிபரப்பிலேயே அவர் இருந்தார்.

ஒலிப்பதிவுக்கூடத்தில் அவரோடு வேலை செய்வது எளிதல்ல. தாளம் எங்கே விழ வேண்டும், பேஸ் கிட்டார் எப்படி ஒலிக்க வேண்டும் என்று வாத்தியக் கலைஞர்களிடம் அவரே சொல்வார். ஒரு வரியை, சில வேளை ஒரு சொல்லை மட்டும், திரும்பத் திரும்பப் பாடிப் பதிவுசெய்வார். 1966இல் பிரித்தானியாவில் முதலிடம் பிடித்த 'யூ டோன்ட் ஹாவ் டு சே யூ லவ் மீ' பாடலுக்கு, கூடத்தின் எதிரொலி பிடிக்காமல் படிக்கட்டில் நின்று பாடினார். உண்மையில் அந்த இசைத்தட்டுகளைப் பெருமளவு தயாரித்தவர் அவரே. ஆனால், தயாரிப்பாளர் என்று அவர் பெயர் அச்சாகவில்லை, அவரும் அதைக் கேட்கவில்லை. இதே வேலையை ஓர் ஆண் செய்திருந்தால் மேதை என்றிருப்பார்கள். பெண் என்பதால் கிடைத்தது தலைக்கனம் பிடித்தவர் என்ற பட்டம். கோபம் வந்தால் தட்டுகளையும் கோப்பைகளையும் எறிந்து உடைக்கும் அவரது பழக்கம் அந்தப் பேச்சுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

1964 டிசெம்பரில் தென்னாபிரிக்காவில் பாட அவருக்கு அழைப்பு வந்தது. வெள்ளையர், கறுப்பர் என்று பிரித்து அமர்த்தப்பட்ட சபைக்கு முன் பாடமாட்டேன் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுதவைத்துவிட்டுத்தான் விமானம் ஏறினார். எல்லா இனத்தவரும் கலந்திருந்த சபைகளுக்கு முன் பாடவும் செய்தார். அதிகாரிகள் கையெழுத்துக் கேட்டார்கள், மறுத்தார். கேப் டவுனுக்கு அருகில் ஒரு திரையரங்கில் கலந்த சபைக்குப் பாடியபின், பயணம் முடியுமுன்னரே நாடு கடத்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது 25. தனிப் பாடகியாகப் பெயரெடுத்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. தென்னாபிரிக்காவுக்கு எதிரான கலாசாரப் புறக்கணிப்பு உலகம் முழுவதும் வலுப்பெறுவதற்குப் பல ஆண்டுகள் முந்திய காலம் அது. நாடு திரும்பியபோது பாராட்டு மட்டும் கிடைக்கவில்லை. விளம்பரத்துக்காகச் செய்தார் என்று சக கலைஞர்கள் சிலரே குறை கூறினார்கள்.

கறுப்பினக் கலைஞர்களிடம் தான் பட்ட கடனை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. 1965இல் மோடவுன் நிறுவனத்தின் கலைஞர்கள் பிரித்தானியாவுக்கு வந்தபோது அரங்குகள் நிறையவில்லை. சுப்ரீம்ஸ், ஸ்டீவி வொண்டர், டெம்ப்டேஷன்ஸ், மார்த்தா அண்ட் த வண்டெல்லாஸ் ஆகியோரை ஒரே மேடைக்குக் கொண்டுவந்த தொலைக்காட்சி விசேட நிகழ்ச்சியைத் தன் புகழைக் கொண்டு தாங்கி நின்று தொகுத்து வழங்கினார் டஸ்டி. பல பிரித்தானிய வீடுகளுக்குள் அந்த இசை முதன்முதலாக நுழைந்தது அந்த இரவில்தான்.

இப்படிப்பட்டவரிடம்தான் 1968இல் அட்லாண்டிக் நிறுவனம் வந்து, சோல் இசையின் ஊற்றுக்கண்ணிலேயே ஓர் இசைத்தட்டுச் செய்வோம் என்றது. வெக்ஸ்லர் பல பத்துப் பாடல்களைப் போட்டுக் காட்டினார், அத்தனையையும் டஸ்டி மறுத்தார். சில மாதங்கள் கழித்து அவற்றிலிருந்தே சிலவற்றைத் திரும்பப் போட்டபோது ஏற்றுக்கொண்டார். மெம்பிஸில் வாத்தியங்கள் பதிவாகின. அவரது இறுதிக் குரல் பதிவானதோ பின்னர் நியூயோர்க்கில். அங்கும் ஒரு விசித்திரமான நிபந்தனை. காதில் மாட்டிய கருவியில் வாத்திய இசையை, தன் குரல் தனக்கே கேட்காத அளவுக்கு உரத்து வைக்கச் சொன்னார். தன்னைக் கேட்காதவரைதான் அவரால் பாட முடிந்தது.

'டஸ்டி இன் மெம்பிஸ்' என்ற அந்த இசைத்தட்டில் 11 பாடல்கள், மொத்தமாக அரை மணிநேரத்துக்குச் சற்று அதிகம். கரோல் கிங்கும் ஜெரி கொஃபினும் எழுதியவை நான்கு. ராண்டி நியூமன், பேர்ட் பக்கரக் ஆகியோரின் பாடல்களும் உண்டு. முந்தைய பாடல்களில் உச்சத்துக்கு ஏறி இடித்த குரல், இதில் தாழ்ந்து, மூச்சோடு கலந்து, தாளத்துக்கு ஒரு கணம் பிந்தி வருகிறது. அரீதாவைப்போலப் பாட முடியாதே என்று அஞ்சியவர், அரீதாவைப்போலப் பாடாமல் விட்டதுதான் இந்த இசைத்தட்டின் பெறுமதி. அதிலுள்ள 'சன் ஒஃப் எ பிரீச்சர் மேன்' பாடல் முதலில் அரீதாவுக்கே கொடுக்கப்பட்டு, அவர் வேண்டாமென்று விட்டது. டஸ்டி பாடியதன் பின் அரீதாவும் அதைப் பாடினார்.

அந்தத் தனிப்பாடல் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் முதல் பத்துக்குள் வந்தது. ஆனால், 1969இல் வெளிவந்த இசைத்தட்டு அமெரிக்கப் பட்டியலில் 99ஆம் இடத்தைத் தாண்டவில்லை. பிரித்தானியப் பட்டியலில் இடமே பெறவில்லை. தன் வாழ்நாளின் மிகச் சிறந்த வேலையைச் செய்தவருக்கு, தோற்றுவிட்டோம் என்ற செய்திதான் கிடைத்தது.

1970இல் இன்னொரு துணிச்சல். தனக்குப் பெண்கள்மீதும் ஈர்ப்பு ஏற்படக்கூடும் என்பதை லண்டன் பத்திரிகை நேர்காணல் ஒன்றில் சொன்னார். புகழின் உச்சியைத் தொட்ட ஒரு பொப் பாடகி அன்று அதைச் சொல்வதென்றால், தன் பிழைப்பையே பணயம் வைப்பதாகும். பின்னர் அமெரிக்காவில் குடியேறினார். மதுவும் போதைப்பொருளும் சுயவதையும் சேர்ந்து 1970களைத் தின்றுவிட்டன. அன்று அவரை விசித்திரமானவர் என்று எழுதிய பத்திரிகைகள், அவருக்கு உளநலச் சிகிச்சை தேவைப்பட்டது என்பதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவில்லை.

1987இல் பெட் ஷொப் போய்ஸ் இரட்டையர் தங்களோடு பாட அவரைத் தேடி அழைத்தார்கள். அந்தப் பாடல் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் இரண்டாம் இடம் வரை சென்றது. 1994இல் குவென்டின் டரன்டினோவின் 'பல்ப் ஃபிக்ஷன்' திரைப்படம் பிரீச்சர் மேன் பாடலை ஒரு புதிய தலைமுறைக்குக் கொண்டுசேர்த்தது. அதே ஆண்டில்தான் அவருக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. 1999 புத்தாண்டில் அறிவிக்கப்பட்ட பிரித்தானிய அரச விருதை வாங்க மாளிகைக்குச் செல்ல அவரது உடல் இடம் தரவில்லை. மருத்துவமனையில் வைத்தே அது கையளிக்கப்பட்டது. 1999 மார்ச் 2ஆம் திகதி, 60 வயதை எட்ட ஆறு வாரங்கள் இருக்கையில், அவர் காலமானார்.

2020இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், பேணிக் காக்கவேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் 'டஸ்டி இன் மெம்பிஸ்' இசைத்தட்டைச் சேர்த்தது. பட்டியலில் 99ஆம் இடத்தோடு நின்றுபோன ஒன்றுக்கு, அரை நூற்றாண்டு கழித்து வந்த தீர்ப்பு அது. டஸ்டியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் உடைந்த கோப்பைகளிலிருந்துதான் தொடங்குகிறார்கள். இந்த 11 பாடல்களையும், பிரித்து அமர்த்திய சபைக்குப் பாடமாட்டேன் என்ற அந்த ஒப்பந்த நிபந்தனையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொருவர் தெரிகிறார். பிறருக்கு இழைக்கப்படும் அநீதி என்றால் உடனே எழுந்து நின்ற ஒருவர், தன் திறமைக்கு மட்டும் கடைசிவரை நியாயம் வழங்கவில்லை.