உங்க பைக் மீட்டரோட கொள்ளுத்தாத்தா... யார் இந்த விட்ருவியஸ்?

வண்டியை ஸ்டார்ட் பண்ணதும் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு மீட்டரைப் பார்க்கிற ஆளா நீங்க? அப்போ இந்த ரோமானியரை நீங்க தெரிஞ்சுக்கணும். பேரு விட்ருவியஸ். வட்டத்துக்கும் சதுரத்துக்கும் நடுவுல ஒரு மனுஷன் கை, கால் விரிச்சு நிற்பாரே... டாவின்சியோட அந்த ஓவியம் இவர் எழுதின அளவுகளை வெச்சு வரைஞ்சதுதான்.

ஜூலியஸ் சீசர் காலத்து ஆள். பிறகு அகஸ்டஸ்கிட்ட, கல்லும் அம்பும் எறியும் போர் எந்திரங்களைப் பழுது பார்க்கிற வேலை. அகஸ்டஸின் சகோதரி ஆக்டேவியா சிபாரிசு பண்ணதால, வயசான காலத்துல சோத்துக்குக் கஷ்டமில்லை. ஆனா, பெருசா பேர் கிடைக்கலை. மத்த கட்டடக் கலைஞர்கள் பணக்காரங்க வீட்டு வாசல்ல நின்னு வேலை கேட்டாங்க. இவர் கேட்கலை. தானே கட்டியதா அவர் சொல்றது ஃபானோ நகரத்து மண்டபம் ஒண்ணைத்தான்.

உடம்பு தளர்ந்த வயசுல, எழுத்தாவது தன் பேரைச் சொல்லட்டும்னு நினைச்சு 10 புத்தகங்கள் எழுதினார். எட்டாவது புத்தகத்துல 'கோரோபேட்டஸ்' வருது. நம்ம கொத்தனார் கையில இருக்கிற ரசமட்டம் இருக்குல்ல, அதை 20 அடி நீளத்துக்கு இழுத்த மாதிரி ஒரு மரச்சட்டம். ரெண்டு பக்கமும் தூக்குக்குண்டு தொங்கும். நூல் கோட்டுல பொருந்தினா மட்டம் சரி. காத்துல நூல் ஆடுதா? சட்டத்து மேல 5 அடி நீளத்துக்கு வெட்டின பள்ளத்துல தண்ணி ஊத்திப் பார்க்கணும். தண்ணி விளிம்பை ஒரே மாதிரி தொட்டா வேலை முடிஞ்சது. ஊருக்குத் தண்ணி கொண்டுவர கால்வாய்க்கு வாட்டம் பார்த்தது இப்படித்தான். சிம்பிள், ஆனா செம மூளை!

பத்தாவது புத்தகத்துலதான் நம்ம மீட்டர். முன்னோர் சொல்லிக் கொடுத்ததுன்னு நேர்மையா சொல்லிட்டுத்தான் விளக்குறார். வண்டிச் சக்கரம் ஒரு சுத்து சுத்தினா பன்னிரண்டரை அடி. 400 சுத்துக்கு 5,000 அடி, அதாவது ஒரு ரோமானிய மைல். சக்கரத்தோட சேர்ந்து சுத்துற ஒரே ஒரு பல், 400 பல் இருக்கிற இன்னொரு சக்கரத்தை ஒவ்வொரு பல்லா நகர்த்தும். அது முழுசா ஒரு சுத்து முடிச்சா, மேல இருக்கிற தட்டு கொஞ்சம் திரும்பி, ஒரு உருண்டைக் கல் வெண்கலப் பாத்திரத்துல 'டங்'குன்னு விழும். பயணம் முடிஞ்சதும் கல்லை எண்ணிக்க வேண்டியதுதான்.

புத்தகத்தோட அவர் சேர்த்த படங்கள் எல்லாம் தொலைஞ்சுபோச்சு. எழுத்து மட்டும் மிஞ்சி, சுமார் 1,500 வருஷம் கழிச்சு டாவின்சி கைக்குப் போச்சு. விட்ருவியஸ் எப்படி இருப்பார்? தான் குள்ளம், வயசு முகத்தைக் கெடுத்துடுச்சுன்னு அவரே எழுதி வெச்ச வரிதான் நமக்குக் கிடைச்ச போட்டோ.