மாணவர் படைக்கு அடித்தளமிட்ட ஹிருதயநாத் குன்ஸ்ரு

புதுதில்லி:
ஆண்டுதோறும் நவம்பர் மாதம் நான்காவது ஞாயிற்றுக்கிழமை நாடெங்கும் தேசிய மாணவர் படை தினம் கொண்டாடப்படுகிறது. அதே மாதம் 7-ஆம் தேதி பாரத சாரண, சாரணியர் இயக்கத்தின் நிறுவன நாளாகும். காக்கிச் சீருடை அணிந்தோரும் கழுத்தில் வண்ணத் துணி கட்டியோரும் இருவேறு அமைப்பினர். ஆயினும் இவ்விரண்டின் உருவாக்கத்திலும் பெரும்பங்கு வகித்தவர் ஒருவரே. அவர் பண்டித ஹிருதயநாத் குன்ஸ்ரு.

1887-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி பிறந்தவர் குன்ஸ்ரு. காஷ்மீரப் பண்டிதர் மரபைச் சேர்ந்த இவருடைய தந்தை அயோத்தியாநாத் குன்ஸ்ரு, காங்கிரஸின் தொடக்க காலத் தலைவர்களுள் ஒருவர். கோபால கிருஷ்ண கோகலே 1905-இல் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் 1909-இல் குன்ஸ்ரு இணைந்தார். எளிய வாழ்வையும் முழுநேரப் பொதுத்தொண்டையும் உறுப்பினர்களிடம் எதிர்பார்த்த சங்கம் அது. கோகலேவுக்குப் பின் தஞ்சை மாவட்டம் வலங்கைமானில் பிறந்த வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி அதன் தலைவரானார். 1936-இல் அப்பொறுப்பை ஏற்ற குன்ஸ்ரு, இறுதிவரை அதில் நீடித்தார். இளம் வயதிலேயே மனைவியை இழந்த அவர், வாழ்நாள் முழுவதையும் பொதுப்பணிக்கே அளித்தார்.

1915-இல் ஹரித்துவாரில் நடைபெற்ற கும்பமேளாவில் யாத்திரிகர்களுக்கு உதவ, சங்கத்தின் பெரிய தொண்டர் அணி ஒன்று குன்ஸ்ருவின் தலைமையில் சென்றது. தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியிருந்த காந்தியடிகளின் பீனிக்ஸ் குழுவினரும் அப்பணியில் துணைநின்றனர். கழிவுக் குழிகளை மண்ணிட்டு மூடும் வேலையை அக்குழுவினர் ஏற்றுச் செய்தனர். திருவிழாக் கூட்டங்களில் இத்தகைய தொண்டு புரிவது பின்னர் இந்தியச் சாரணர்களின் முக்கியப் பணிகளுள் ஒன்றாக வளர்ந்தது.

இந்தியாவில் சாரணர் இயக்கம் 1909-இல் பெங்களூரில் தொடங்கியபோது, ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கு மட்டுமே அதில் இடம் இருந்தது. தம் நாட்டிலேயே இந்தியச் சிறுவர்கள் வெளியே நிறுத்தப்பட்டனர். இதற்கு விடையாக 1916-இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியச் சிறுவர்களுக்கெனச் சாரணர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். வடக்கே 1918-இல் மதன் மோகன் மாளவியா, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோருடன் சேர்ந்து சேவா சமிதி சாரணர் சங்கத்தை குன்ஸ்ரு உருவாக்கினார். 1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது பெசன்ட் அம்மையாரின் சங்கம் அதிகாரபூர்வ இயக்கத்துடன் இணைந்தது. சேவா சமிதியோ தனித்தே நின்றது.

நாடு விடுதலை பெற்றபோது சாரணர் இயக்கம் பிளவுபட்டே இருந்தது. ஜவஹர்லால் நேரு, மௌலானா ஆசாத் உள்ளிட்ட தலைவர்களின் முயற்சியால் 1950 நவம்பர் 7-ஆம் தேதி அமைப்புகள் இணைந்து பாரத சாரணர் இயக்கம் பிறந்தது. 1951 ஆகஸ்ட் 15-ஆம் தேதி சாரணியர் அமைப்பும் அதில் சேர்ந்தது. ஒன்றுபட்ட இயக்கத்தின் முதல் தேசிய ஆணையராக குன்ஸ்ரு பொறுப்பேற்றார்.

இதற்கிடையே 1946-இல் மாணவர் படை குறித்து ஆராயும் குழுவின் தலைமை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆங்கிலேயர் காலத்துப் பல்கலைக்கழகப் பயிற்சிப் படை கல்லூரி மாணவர் சிலரோடு நின்றுவிட்டது. பிற நாடுகளின் இளைஞர் அமைப்புகளையும் ஆராய்ந்த குழு, 1947 மார்ச்சில் அறிக்கை அளித்தது. கல்லூரிகளுக்கு முதுநிலைப் பிரிவு, பள்ளிகளுக்கு இளநிலைப் பிரிவு, மாணவியருக்குத் தனிப்பிரிவு என நாடு தழுவிய அமைப்பை அது பரிந்துரைத்தது. அதன் அடிப்படையில் 1948-இல் சட்டம் இயற்றப்பட்டு, அவ்வாண்டு ஜூலை 15-ஆம் தேதி தேசிய மாணவர் படை தொடங்கப்பட்டது. மாணவியர் பிரிவு 1949-இல் செயல்படத் தொடங்கியது.

தாம் வகுத்த திட்டங்களையே மறு ஆய்வு செய்யவும் அவர் தயங்கவில்லை. 1959-இல் அமைக்கப்பட்ட மற்றொரு குழுவுக்கும் அவரே தலைவர். உடற்கல்வி, ஒழுக்கப் பயிற்சி, துணை மாணவர் படை எனப் பல திட்டங்கள் ஒரே மாணவர்களை நாடிப் பள்ளிகளில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. அவற்றை ஒருங்கிணைக்க வேண்டும் என்பதே அக்குழுவின் பரிந்துரை. 1962 சீனப் போருக்குப் பின் கல்லூரிகளில் மாணவர் படைப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. 1968-இல் அது மீண்டும் விருப்பத்திற்கு விடப்பட்டது. சீருடைப் பயிற்சி கடமையா, விருப்பமா என்ற வினா இன்றும் அவ்வப்போது எழுகிறது.

அரசியல் நிர்ணய சபையிலும், 1952 முதல் 1962 வரை மாநிலங்களவையிலும் குன்ஸ்ரு உறுப்பினராக இருந்தார். பசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையத்தில் கே.எம்.பணிக்கருடன் அவரும் இடம்பெற்றார். 1955-இல் அளிக்கப்பட்ட அவ்வறிக்கையைத் தொடர்ந்தே மறு ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரிப் பகுதி அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது.

அரசுப் பட்டங்களை அரசியல் நிர்ணய சபையிலேயே எதிர்த்தவர் அவர். பின்னாளில் பாரத ரத்னா விருது தேடி வந்தபோதும், அக்கொள்கையை முன்னிட்டு அதனை ஏற்க மறுத்தார். 1978 ஏப்ரல் 3-ஆம் தேதி, தமது 90-ஆவது வயதில் காலமானார். நூற்றாண்டையொட்டி 1987-இல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

ஜனவரியில் தில்லியில் கூடும் குடியரசு தின முகாமில் எல்லா மாநில மாணவர்களும் ஒரே வரிசையில் அணிவகுக்கின்றனர். ஆண்டுப் பயிற்சி முகாம்களில் பள்ளி மாணவர்கள் துப்பாக்கி சுடவும் வரைபடம் படிக்கவும் கற்கின்றனர். சாரண, சாரணியர் படிப்படியாகத் தேர்ச்சி பெற்று குடியரசுத் தலைவர் விருதை எட்டுகின்றனர். பிறப்பையோ நிறத்தையோ காரணம் காட்டி இன்று எந்தச் சிறுவனும் வெளியே நிறுத்தப்படுவதில்லை. அணிவகுப்புத் திடலில் குன்ஸ்ருவின் பெயர் அரிதாகவே ஒலிக்கிறது. எனினும், 1918-இல் அவரும் தோழர்களும் திறக்க முனைந்த கதவு வழியாகவே இம்மாணவர்கள் உள்ளே வருகின்றனர்.